இது தெளிவா, அது தெளிவா?

“எது?” என்று மனைவி இரண்டாவது தடவையாகக் கேட்டபோது கண்ணாடிக்கடைக்காரரின் வாயில் ரொட்டி இருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டு அவர் மெல்ல ஆரம்பித்தார். ஒரு துண்டு ரொட்டியை ஒரு மனிதர் எவ்வளவு நேரம் மெல்ல முடியுமோ அவ்வளவு நேரம் மென்றார். அவள் அவசரப்படவில்லை. கடைசியில் விழுங்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

“ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“நான் அதைக் கேக்கல. எதுன்னு கேட்டேன்.”

சாப்பாட்டு மேசைமேல் இரண்டு விளம்பரத் தாள்கள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று கடலோரத் தேசியப் பூங்காவைப் பற்றியது. அலையாத்திக் காடு, அதற்குள் நீளும் மரப்பாலம், ஒற்றைக் காலில் நிற்கும் ஏதோ ஒரு பறவை எல்லாம் அதில் இருந்தன. மற்றது பழைய துறைமுக நகரத்தைப் பற்றியது. அதில் கல் பாவிய தெருக்கள், முந்நூறு வருடத்துச் சுங்கக் கட்டடம், தண்ணீரைப் பார்த்து வரிசையாக நிற்கும் மஞ்சள் வீடுகள்.

வரும் சனிக்கிழமையிலிருந்து நான்கு நாட்கள் தெருவைத் தோண்டிக் குழாய் பதிக்கப் போகிறார்களாம். கடைக்கு யாரும் வர முடியாது. கடை திறந்து இருபத்து மூன்று வருடத்தில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் மூடுவது இதுதான் முதல் தடவை. செய்தி வந்த அன்றே மனைவி பக்கத்துத் தெருப் பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்குப் போய் இந்த இரண்டு தாள்களோடு திரும்பி வந்துவிட்டாள்.

“உனக்கு எது பிடிக்குமோ அதையே வச்சுக்கலாமே” என்றார் அவர். இந்தப் பதில் இதுவரை அவரைக் கைவிட்டதே இல்லை.

“அந்தப் பேச்சு இந்தத் தடவை செல்லாது” என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்கு உதைத்தது. “ஃப்ரிட்ஜ் நான் பார்த்தது. திரைச்சீலை நான் பார்த்தது. பொண்ணோட காலேஜ் நான் பார்த்தது. உங்க மூக்குமேல இருக்கற ஃபிரேம்கூட நான் எடுத்துக் கொடுத்ததுதான். இந்த ஒண்ணை நீங்க சொல்லுங்க. எனக்காகப் பார்த்துச் சொல்லாதீங்க. உங்களுக்கு எது வேணுமோ அதைச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அவங்களுக்குத் தெரியணும்.”

அன்று திங்கட்கிழமை.

கண்ணாடிக்கடைக்காரரின் தொழிலே கேள்வி கேட்பதுதான். வருகிறவரை இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்பார். ஒருவரிடம் இருபது தடவை. ஒரு நாளில் பதினைந்து பேரிடம். “ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே” என்று விழிப்பவர்களை அவர் மனசுக்குள் கொஞ்சம் ஏளனமாகவே நினைத்து வந்திருக்கிறார். இரண்டில் ஒன்றைச் சொல்ல என்ன கஷ்டம்? யாரும் அந்தக் கேள்வியை அவர் பக்கம் திருப்பாதவரையில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது.

அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கல்யாணமான புதிது. ஆர்வக் கோளாறில், மலைமேல் ஒரு விடுதியை அவரே பார்த்து அறை பிடித்தார். இருவரும் போய் இறங்கிய நேரத்தில் விடுதிக்குக் கூரை பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளும் துணி துவைக்கும் அறையில், ஈரப் போர்வைகளுக்கு நடுவே படுத்துவிட்டுத் திரும்பினார்கள். அவள் அப்போது சிரித்தாள். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால்தான் அது அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஆகவே இந்த முறை தப்பக் கூடாது. அவளுக்கு உள்ளூர எது ஆசையோ, அதைச் சரியாகக் கண்டுபிடித்து, தன் ஆசை மாதிரியே சொல்லிவிட வேண்டும். “எப்படித்தான் தெரிஞ்சுதோ உங்களுக்கு” என்று அவள் முகம் மலர வேண்டும். துணி துவைக்கும் அறைக்கு அதுதான் பரிகாரம். இருபத்து மூன்று வருடத்துக்கு முன் விட்டதை ஒரே சொல்லில் பிடித்துவிடலாம்.

அவருடைய சொந்த ஆசை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. துறைமுக நகரத் தாளின் கீழ்மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம். அந்த ஊர்க் கலங்கரை விளக்கத்தின் பழைய வில்லை. ஆள் உயரத்துக்கும் மேல். வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான கண்ணாடித் துண்டுகள் அடுக்கி, ஒரு சின்ன விளக்கின் வெளிச்சத்தைக் கடல் முழுக்க எறிகிற சமாச்சாரம். படிக்கிற காலத்தில் பாடப் புத்தகத்தில் அதன் கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, என்றாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தார். இப்போது அந்தத் தாளை எடுக்கும்போதெல்லாம் அந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் படித்தார். தன் ஆசை குறுக்கே வந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா?

செவ்வாய்க்கிழமை காலை அவர் வேற்றூரில் வேலை பார்க்கும் மகளுக்குக் கடையின் மாடிப்படி அடியில் நின்று போன் செய்தார். அம்மாவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்து, பூங்காவா, துறைமுகமா என்று வாயைப் பிடுங்கிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நைசாக என்பதை மூன்று தடவை சொன்னார்.

பத்து நிமிஷத்தில் மாடியில் மனைவியின் போன் அடித்தது. அவர் படியில் இரண்டு ஏறி நின்று காதைக் கொடுத்தார். முதலில் மகள் பேசினாள் போலிருக்கிறது. பிறகு மனைவி சிரிக்கும் சத்தம். நல்ல நீளமான சிரிப்பு.

அவள் கீழே இறங்கி வந்தபோது அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் வில்லை இல்லை. வெறும் சட்டம்.

“அப்பா உன்கிட்ட நைசாக் கேக்கச் சொன்னார்னு பொண்ணு கேக்கறா” என்றாள்.

“அப்படியா? நான் சும்மா…”

“எனக்கு எதுவானாலும் சரின்னு சொல்லிட்டேன். நிஜமாவே சரிதான். நீங்க இனிமே யாரையும் தூது விடாதீங்க.”

எதுவானாலும் சரி! குடும்பஸ்தர்களுக்குத் தெரியும், அந்தச் சொல்லுக்குப் பொருள் அகராதியில் இருக்கிற பொருள் அல்ல. இரண்டில் ஒன்றுதான் சரி, அது எது என்று உனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் பொருள். அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மகளும் திரும்ப அழைத்து, அம்மா ரொம்ப உற்சாகமாக இருக்கிறாள், பேச்சுக்கு நடுவே பாட்டுக்கூடப் பாடினாள் என்று சொன்னாள். அவருக்குக் கலக்கம் இரட்டிப்பாயிற்று. இவ்வளவு ஆசையாக இருக்கிறவளைப் போய் ஏமாற்றிவிட்டால்?

புதன்கிழமை அவர் யோசனை கேட்டுப் பின்னறைக்குப் போனார். அங்கே வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்துக்குப் பொருத்துகிற பட்டறைக்காரர் இருந்தார். கடை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். கல்யாணம் ஆகாதவர். அதனால் கல்யாணத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது.

“கேக்கக் கூடாது சார். கவனிக்கணும்” என்றார் பட்டறைக்காரர். “ரெண்டு தாளையும் கவுண்டர்ல வைங்க. அம்மா எதைக் கையில எடுக்கறாங்களோ அதுதான்.”

எவ்வளவு எளிய வழி என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு நிம்மதியாக இருந்தது. மனைவி உட்காரும் கவுண்டரில், அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு தாள்களையும் வைத்துவிட்டு, எதிரே ஃபிரேம் அடுக்குவதுபோல் நின்றுகொண்டார்.

கால் மணி நேரத்தில் அவள் ஒரு தாளை எடுத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் அதை எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரர் கையில் கொடுத்து, “புதுக் கண்ணாடியில இதைப் படிச்சுப் பாருங்க” என்றாள்.

தையல்காரருக்கு வெள்ளெழுத்து. வழக்கமாகப் படிக்கக் கொடுக்கும் அட்டை முந்தின நாள்தான் தேநீரில் நனைந்து போயிருந்தது. கைக்கு எட்டியது இந்தத் தாள்கள். தையல்காரர் தாளை நீட்டிப் பிடித்து, “அலையாத்திக் காட்டின் நடுவே, இரண்டு கிலோமீட்டர் மரப்பாலத்தில்…” என்று உரக்கப் படித்தார். பிறகு நிறுத்தி, “நீங்க போறீங்களா? கொசு ஆளைத் தூக்கிட்டுப் போயிடும்” என்றார்.

பக்கத்தில் காத்திருந்த பாட்டு டீச்சர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. துறைமுக நகரத்தில் எங்கே பார்த்தாலும் படிக்கட்டு, முழங்கால் போய்விடும், பூங்காதான் சமதரை என்றார். அடுத்து வந்த லாரி டிரைவர் துறைமுகப் பக்கம் சேர்ந்தார். அன்றைக்கென்று பார்த்து, வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெள்ளெழுத்துக் கேஸ்தான். ஒவ்வொருவரும் ஒரு தாளை உரக்கப் படித்தார்கள். படித்த ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பின்னறைச் சுவரில் பட்டறைக்காரர் சாக்பீஸால் கோடு போட்டுக் கணக்கு வைக்க ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் எதிர்ச் சாரி மருந்துக்கடைக்காரர் தன் கடையை விட்டுவிட்டு வந்தார். அவர் பூங்காவுக்கும் போயிருக்கிறார், துறைமுகத்துக்கும் போயிருக்கிறார். போனில் நாற்பத்திரண்டு படங்கள் காட்டினார். எல்லாவற்றிலும் முன்னால் அவர் முகம் இருந்ததால் பின்னால் இருப்பது காடா, கட்டடமா என்று சொல்ல முடியவில்லை. சாயங்கால நிலவரப்படி பூங்காவுக்கு ஆறு, துறைமுகத்துக்கு ஆறு.

கடையைச் சாத்தும்போது மனைவி சொன்னாள்: “மருந்துக்கடைக்காரருக்கு எது பிடிக்கும்னு நான் கேக்கல. பாட்டு டீச்சர் முழங்காலை வச்சும் கேக்கல. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள நீங்க சொல்லலேன்னா, நானே முதல்ல ஒண்ணை எடுத்துக்குவேன். அப்புறம் முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

அவளே எடுத்துவிட்டால் அவளுக்குப் பிடித்த இடம் கிடைத்துவிடும், அது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு தடவை கேட்டும் வாயைத் திறக்காத மனுஷன் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிடும். இனி ஒரு தடவை கேட்பாளா? கேட்கமாட்டாள். அதை நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

இதற்கிடையே பயண ஏற்பாடுகள் மட்டும் தடங்கலின்றி நடந்தன. அன்று மாலையே மனைவி இரண்டு சின்னப் பெட்டிகள் வாங்கி வந்தாள். ஒன்று நீலம், ஒன்று சாம்பல். பெரிதாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்று அவர் கேட்டதற்கு, அவரவர் பெட்டி அவரவர் கையில் இருந்தால்தான் சிரமமில்லை என்றாள். போன் சார்ஜர் இரண்டு, பற்பசை இரண்டு வந்து இறங்கின. அவருடைய மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, நீலப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினாள். எத்தனை முன்யோசனை என்று அவர் வியந்துபோனார்.

அவர்கள் இருவரும் அப்படித்தான். வீடு மாடியில், கடை கீழே. நடுவே பதினேழு படி. அவர் கண்ணைச் சோதிப்பார், அவள் ஃபிரேம் பொருத்துவாள். காலைத் தேநீரிலிருந்து விளக்கணைக்கும் வரை ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைகண்ணிக்குப் போய் வருவது போக, அவர் அறிந்து அவள் தனியாக வெளியே இருந்தது, போன வருடம் பல் மருத்துவரிடம் போன இரண்டு பிற்பகல்கள் மட்டும்தான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள், வாயில் பஞ்சோடு, எங்கோ விருந்துக்குப் போய் வந்தவள் மாதிரி களையாக இருந்தாள். கைராசியான டாக்டர் என்று அவர் நாலு பேரிடம் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், அவருக்குத் தன் தொழிலே கைகொடுத்தது. மனசுக்குப் பிடித்ததைப் பார்த்தால் கண்மணி விரியும் என்று எப்போதோ படித்திருந்தார். வாய் பொய் சொல்லலாம். எதுவானாலும் சரி என்று மழுப்பலாம். கண்மணி பொய் சொல்லாது. அதை அளக்க அவரிடம் மில்லிமீட்டர் கோல் இருந்தது. இந்த யோசனை திங்கட்கிழமையே வராமல் போயிற்றே என்று தலையில் தட்டிக்கொண்டார்.

மனைவியிடம் அவள் கண்ணைச் சோதித்து இரண்டு வருடமாகிறது என்றார். அது உண்மையும்கூட. அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இருட்டறை விளக்கைப் பாதியாகக் குறைத்து, எழுத்துப் பலகை இருக்கும் இடத்தில் முதலில் துறைமுக நகரத் தாளைச் செருகினார். “அங்கயே பாரு. ஆடாதே” என்று சொல்லிவிட்டுக் கோலை அவள் கண்ணருகே பிடித்துக் குனிந்தார். மூன்று மில்லிமீட்டர். ஒரு கோடுகூடக் கூடவில்லை. அவர் நெஞ்சுக்குள் ஒரு சின்ன வெளிச்சம், ஆள் உயர வெளிச்சம், மெல்ல அணைந்தது.

பிறகு தாளை மாற்றிப் பூங்காவைச் செருகினார்.

அதே நேரத்தில் பின்னறையில் பட்டறைக்காரர் தேய்க்கும் யந்திரத்தைப் போட்டார். அந்த யந்திரம் ஓட ஆரம்பித்தால் கடை முழுக்க விளக்கு மங்கும். பழைய வயரிங். பதினொரு வருடமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை மங்குகிறது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று முதல் இரண்டு வருடம் பேசினார்கள். அப்புறம் பழகிப்போய்விட்டது. விளக்கு மங்குவதே இப்போது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தெரிந்தது அவள் கண்மணி மட்டும்தான். அது விரிந்தது. மூன்று, நாலு, ஐந்து மில்லிமீட்டர்.

அவர் இன்னும் குனிந்தார். இத்தனை கிட்டத்தில் அந்தக் கண்களைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! ஓரத்தில் சன்னமாகக் கோடுகள் விழுந்திருந்தன. இருபத்து மூன்று வருடமாக ஊருக்கெல்லாம் கண் பார்த்துவிட்டு, இந்தக் கண்களைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு உறைத்தது. பாவம், காடு காடு என்று மனசுக்குள் எத்தனை வருடமாக ஏங்கினாளோ.

“என்ன தெரியுது?” என்றாள் அவள்.

“ஒண்ணுமில்ல. பவர் கால் கூடியிருக்கு.”

“அதுக்கு இவ்வளவு நேரமா? முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் எடுங்க. மூச்சு படுது.”

அன்று சாயங்காலம், சொன்ன கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, அவர் பதினேழு படிகளையும் ஏறி மேலே போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் துறைமுக நகரத் தாளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். கட்டைவிரலை எடுத்துவிட்டு, அந்த மூலைப் படத்தையும் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “பூங்கா” என்றார்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“எனக்காகச் சொல்லலையே? உங்களுக்கே பிடிச்சுதானே சொல்றீங்க? அந்த ஊர்ல ஏதோ விளக்கு, கண்ணாடின்னு போட்டிருந்துதே. நான்கூட நீங்க அதைத்தான்…”

“விளக்குக் கண்ணாடியா? தினம் பார்க்கற கண்ணாடி போதாதா?” என்றார் அவர், ஒரு முழுப் பொய்யை அரைச் சிரிப்போடு. “எனக்குப் பறவைன்னா உயிர்.”

பறவைகளில் அவர் இதுவரை கவனித்தது கடைப் பெயர்ப் பலகைமேல் அசிங்கம் செய்யும் புறாவை மட்டும்தான். ஆனால் அவள் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

“பின்னாடி மாத்தச் சொல்ல மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

அவள் முகம் மலர்ந்தது. அவர் எதிர்பார்த்ததைவிடவே மலர்ந்தது. மடித்த துணியை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டு, “அப்ப சரி” என்றாள். பிறகு சமையலறைக்குள் போய், மகள் சொன்னது போலவே, பாடினாள். கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய ஈரப் போர்வைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து கொடியிலிருந்து இறங்கின. வில்லை போனால் போகிறது. இந்தப் பாட்டுக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

வெள்ளிக்கிழமை காலை மனைவி கடைத்தெருவுக்குப் போய்க் கொசு மருந்தும், அகல விளிம்புத் தொப்பியும், சேற்றில் நடக்க முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் வாங்கி வந்தாள். எல்லாம் அவர் அளவுக்கு. அவளுக்கு எங்கே என்று கேட்டார். தனக்கு எதற்கு, இருக்கிற செருப்பே போதும் என்றுவிட்டாள்.

எப்போதும் இப்படித்தான், தனக்கென்று எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டாள். அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. சீட்டு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தானே போவதாக அவள் சொன்னாள். இதை நான்தான் தேர்ந்தெடுத்தேன், நான்தான் வாங்கி வருவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு, எப்படியும் இன்றைக்குத் தெரிய வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டு ஃபிரேம் துடைக்கப் போய்விட்டாள். வழியில் அவர் செருப்புக் கடையில் நுழைந்து அவளுக்கும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கினார். அளவு கேட்டார்கள். சொல்லத் தெரிந்தது. நிறம் கேட்டார்கள். பச்சையா, சிவப்பா? ஒரு நொடிகூடத் தயங்காமல் சிவப்பு என்றார். தேர்ந்தெடுப்பது இவ்வளவு சுலபம் என்று இத்தனை நாள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவர் போட்டிருந்த கண்ணாடி இவர் கடையில் செய்தது. ஃபிரேம், மனைவியின் தேர்வு. அடையாளம் தெரிந்து எழுந்து வணக்கம் சொன்னார்.

“பூங்கா” என்றார் கண்ணாடிக்கடைக்காரர், பூட்ஸ் பையை மேசைமேல் வைத்தபடி. “நாலு நாள். யோசிச்சுத்தான் முடிவு பண்ணினேன்.”

“நல்ல இடம் சார்” என்று அந்தப் பெண் நான்கு தட்டு தட்டினார். யந்திரம் ஒரு தாளைத் துப்பியது. அதை உறையில் போட்டு நீட்டினார்.

அவர் பிரித்துப் பார்த்தார். காலை ஆறரை மணிப் படகு. இருக்கை ஒன்று. காட்டுக் குடில், ஒற்றைக் கட்டில்.

“இதுல ஒருத்தருக்குத்தான் போட்டிருக்கு. நாங்க ரெண்டு பேர்” என்றார், பொறுமையாக. இப்படிப்பட்ட தவறுகள் நடப்பதுதான். அந்தப் பெண்ணுக்கும் பவர் கூடியிருக்கலாம். ஒரு தடவை கடைக்கு வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, இழுப்பறையிலிருந்து இன்னொரு உறையை எடுத்து, சிவப்பு பூட்ஸ் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டு பேருக்கும் இருக்கு சார். மேடம் திங்கக்கிழமையே வந்து காட்டுல ஒரு ரூம், துறைமுகத்துல ஒரு ரூம் பிடிச்சு வச்சுட்டாங்க. முதல்ல சார் அவருக்குப் பிடிச்சதை எடுத்துக்கட்டும், எனக்கு எதுவானாலும் சரி, அவர் போகாத ஊரா இருந்தா போதும்னாங்க.”